ரோத்தானுக்குப் பிறகு வந்த நல்ல வாரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

"ஐயா, என் மகனுக்கு 14 வயது, படிவம் 2, காலைப் பள்ளி. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்த பையன். இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டத்து வீட்டை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தோம். நானும் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட். இடைநிலைப் பள்ளிக்குப் போனதிலிருந்து அவன் மாறிவிட்டான். தாமதமாகப் போகிறான், ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான், பள்ளியிலிருந்து கடிதம் வருகிறது. ரொம்ப மோசமாகப் போனால் என் வீட்டுக்காரர் ரோத்தானை (பிரம்பை) எடுத்துவிடுவார். அடித்த அடுத்த வாரம் பையன் ஒழுங்காக இருக்கிறான். ஒழுங்காக இருக்கிறானே என்று நான் பாராட்டி, பிடித்ததை வாங்கிக் கொடுத்தால் அடுத்த வாரமே பழையபடி ஆகிவிடுகிறான். 'உன் செல்லம் கெடுக்குது, என் ரோத்தான் திருத்துது' என்கிறார் அவர். நம்பாமல் காலண்டரில் குறித்துப் பார்த்தேன். அவர் சொல்வதுதான் சரி போலிருக்கிறது. மாமியாரோ நான் வேலைக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார். மதிய ஷிப்ட் முடிந்து நான் வீடு வர 11.40 ஆகிறது. அதுவரை பையன் தூங்காமல் இருக்கிறான், அதையும் சொல்லிக் காட்டுகிறார். எதுதான் ஐயா காரணம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தைப் படிக்கும் முன்பே நீங்கள் அனுப்பிய காலண்டர் படத்தைப் பார்த்துவிட்டேன். 11 வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு குறி. சிவப்பு தாமதத்துக்கு, வட்டம் பள்ளிக் கடிதத்துக்கு, ஒரு சிறு கோடு ரோத்தானுக்கு. 25 வருஷமாக இந்த உளவியல் தொழிலில் இருக்கிறேன். வீட்டுச் சண்டைக்குப் பதில் தேடி இப்படிக் குறித்து வைத்த பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம் நியாயமாக இருப்போம். நான்கு முறை ரோத்தானை எடுத்திருக்கிறார், நான்கு முறையும் அடுத்த வாரம் நல்ல வாரம். நீங்கள் மூன்று முறை பாராட்டியிருக்கிறீர்கள், மூன்று முறையும் அடுத்த வாரம் மோசம். ஏழுக்கு ஏழு பொருந்துகிறது. அவர் இல்லாததைச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். கண்டதிலிருந்து எடுத்த முடிவில்தான் தவறு இருக்கிறது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். விழ இருந்த பழம் விழுந்தது, காக்கை அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். உங்கள் வீட்டில் நடப்பதில் கூடுதலாக ஒன்று உண்டு. இந்தக் காக்கை ஏதோ ஒரு குலையில் வந்து உட்காரவில்லை. நன்றாகப் பழுத்து, காம்பு விட்டு, இன்றோ நாளையோ விழப்போகிற பழமாகப் பார்த்துத்தான் உட்காருகிறது. ரோத்தான் எப்போது வெளியே வருகிறது? சாதாரண வாரத்தில் வருவதில்லை. இருப்பதிலேயே மோசமான வாரத்தில், இதற்குமேல் பொறுக்க முடியாது என்னும்போது வருகிறது. அப்படிப்பட்ட வாரத்துக்கு அடுத்து இன்னும் மோசமான ஒன்று வருவது அபூர்வம். ஒரு வாரம் அத்தனை கெட்டுப்போக வேண்டுமானால் பையனுடைய குணத்தோடு வேறு பல சங்கதிகளும் சேர வேண்டும். நண்பனோடு சண்டை, படிக்காத பாடத்தில் சோதனை, மழையில் தவறிய பஸ், லேசான காய்ச்சல் என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுந்திருக்கும். அடுத்த வாரமும் அத்தனையும் கூடி வராது. யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அவன் தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியிருப்பான். நல்ல வாரத்துக்கும் இதே கதைதான். எல்லாம் கூடிவந்த வாரத்தில் நீங்கள் பாராட்டுகிறீர்கள், அடுத்த வாரம் அவன் இறங்கி வருகிறான், பழி பாராட்டின் மேல் விழுகிறது.

இதை எங்கள் துறையில் சராசரிக்குத் திரும்புதல் என்போம். 1886இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் பெற்றோரின் உயரத்தையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒப்பிட்டு இதை எழுதினார். மிக உயரமான பெற்றோருக்குப் பிறந்தவர்கள் சராசரியாக அவர்களைவிடக் குள்ளமாக இருந்தார்கள், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் அவர்களைவிட உயரமாக இருந்தார்கள். அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை, பாராட்டவும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரரின் வாதத்தை அப்படியே சொன்ன இன்னொருவர் உண்டு. 1960களில் டேனியல் கானமன் என்ற உளவியலாளர் இஸ்ரேல் விமானப் படையின் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். தண்டிப்பதைவிடப் பாராட்டினால் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதும் அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாக ஓட்டியவனைத் திட்டினால் அடுத்த முறை தேறிவிடுகிறான், எங்களிடம் பாராட்டைப் பற்றிப் பேசாதீர்கள் என்றார். கானமன் வாதாடவில்லை. தரையில் ஒரு குறி போட்டு, ஒவ்வொருவரையும் திரும்பி நின்று, பார்க்காமல் இரண்டு முறை காசு எறியச் சொன்னார். முதல் முறை குறிக்கு அருகே போட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் முறை தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்டவர்களில் பெரும்பாலோர் நெருங்கி வந்தார்கள். இதே கானமன்தான் பின்னாளில், 2002இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். வீட்டு முன்னால் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, அப்பா, பையன், தங்கை, நீங்கள் என்று நான்கு பேரும் ஆளுக்குப் பத்து சுற்று, சுற்றுக்கு இரண்டு முறை எறியுங்கள். கணக்கை உங்கள் வீட்டுக்காரரே எழுதட்டும். நான் இங்கே எழுதுவதைவிட அவர் கையால் எழுதிய கணக்கு அவருக்கு நன்றாகப் பேசும்.

1985இல் பால் ஷாஃப்னர் என்ற ஆய்வாளர் செய்த சோதனை உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. பள்ளிக்கு வரும் ஒரு கற்பனை மாணவனைக் கணினியில் காட்டி, சரியான நேரத்துக்கு வரவைப்பது உங்கள் பொறுப்பு என்றார்கள். அவன் வரும் நேரத்தைப் பார்த்துப் பாராட்டலாம், கண்டிக்கலாம். அவன் வரும் நேரமோ யார் என்ன சொன்னாலும் மாறாதபடி வைக்கப்பட்டிருந்தது. பாராட்டும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை, கண்டிப்பும் போய்ச் சேரவில்லை. ஆனாலும் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் கண்டிப்புதான் பலித்தது என்று நம்பிக்கொண்டு எழுந்து போனார்கள். அடிக்கிற ஒவ்வொரு அப்பாவுக்கும் வாழ்க்கை இப்படித்தான் பரிசு கொடுக்கிறது. அதனால்தான் அவர்களை நான் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. என் அப்பாவும் அடித்தவர்தான்.

இனி, உங்கள் காலண்டரிலேயே இருக்கும் சாட்சி. ஏழாவது வாரத்துக்கு நேரே 'அப்பா ஜொகூர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் லோரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்த வாரம் அது. ஆறாவது வாரமும் சரி, எட்டாவது வாரமும் சரி, சிவப்பில்லாத வாரங்கள். ஏழாவது வாரமோ மற்ற மோசமான வாரங்களைப் போலவே இருக்கிறது. மூன்று சிவப்பு, ஒரு வட்டம். அடிக்க ஆளில்லை. எட்டாவது வாரம் என்ன ஆனது? ரோத்தான் விழுந்த வாரங்களுக்குப் பிறகு எப்படித் தேறினானோ அப்படியே தேறியிருக்கிறான். ஒரே ஒரு வாரம்தான், இதை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் காரணத்தைத் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அது நடந்தபோது இது நடந்தது என்பதோடு நிற்காமல், அது நடக்காதபோது என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

தோட்டத்தில் பிறந்த நமக்கு இது புதிதல்ல. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்தது. கழகம் 1925இல் தொடங்கியது. ஒரு புது உரம் பலிக்குமா என்று பார்க்க எல்லா மரத்துக்கும் போட்டுவிட்டுப் பால் கூடுகிறதா என்று பார்ப்பதில்லை. மழை நன்றாகப் பெய்த வருஷமானால் உரம் இல்லாமலே கூடும். அதனால் சில பாத்திகளுக்குப் போட்டு, சிலவற்றை அப்படியே விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மழை இரண்டுக்கும் ஒன்றுதான், வித்தியாசம் உரத்தினுடையது. உங்களுக்கு இருப்பது ஒரே மகன். உரம் போடாத இன்னொரு மகன் இல்லை. ஆகவே அவனை அவனோடுதான் ஒப்பிட முடியும், இந்த வாரத்து அவனை அந்த வாரத்து அவனோடு.

அடி ஒன்றுமே செய்வதில்லையா என்றால், செய்கிறது. அந்த நேரத்துக்குப் பிள்ளையை நிறுத்துகிறது, பயத்தில் அடங்குகிறான். 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ கிரோகன்-கெய்லர் இருவரும் 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், 1,60,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அதில் எடுத்துக்கொண்டது கையால் அடிப்பதை மட்டும்தான், ரோத்தான் அளவுக்குப் போகவில்லை. அப்படியிருந்தும் அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சோர்வும் அதிகமாகவும், பெற்றோரோடு நெருக்கம் குறைவாகவும் இருந்தது. இங்கேயும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிடுவோம். அடித்ததால் முரடனானானா, முரடாக இருந்ததால் அடி வாங்கினானா? இரண்டு பக்கமும் ஓடக்கூடியது இது. அதனால்தான் பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, தொடக்கத்தில் எப்படி இருந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த ஆய்வுகள் முக்கியமானவை. அவற்றிலும் அடிபட்டவர்களிடம் பின்னால் பிரச்சினை கூடத்தான் செய்தது.

உங்கள் அப்பா அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களாக இருந்தால் 1970களில் பட்டையில் பூசிய மருந்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். பூசினால் பால் உறைந்து அடைபடத் தாமதமாகும், அன்றைக்குப் பால் பிடிக்கும் மங்கு நிறையும். அளவு மீறிப் பூசிய மரத்தில் சில காலம் கழித்து வெட்டினால் பால் வராது, பட்டை காய்ந்துவிடும். நிறைந்த மங்கை மட்டும் பார்த்தால் மருந்து நல்ல மருந்துதான்.

அடுத்து உங்கள் மாமியார் சொன்னது. கடிதத்தில் உங்கள் எழுத்து நடுங்கிய இடம் இதுதான் என்று தோன்றியது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பிள்ளைக்கு ஏதாவது என்றால் தாயைக் கைகாட்டுவது வீடுகளில் மட்டும் நடந்ததில்லை, என் துறையே அதைச் செய்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை 1943இல் லியோ கானர் முதலில் விவரித்தார். பெற்றோர் பாசமில்லாமல் குளிர்ந்து இருப்பதாகவும் அவரே எழுதினார். பின்னால் சிக்காகோவில் புரூனோ பெட்டல்ஹைம் அந்தக் கருத்தைப் பெரிதாகப் பரப்பினார். எத்தனையோ தாய்மார்கள் தங்களால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று வருஷக்கணக்கில் நம்பி அழுதார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் அதை எதிர்த்து எழுதினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடியில் 4 ஜோடிக்கு இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது, மற்ற 10 ஜோடியில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. பரம்பரைக்குப் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. பதில் சிரிப்பே தராத பிள்ளையிடம் தாய் தயங்கித் தயங்கிப் பழகியதைப் பார்த்துவிட்டு, அந்தத் தயக்கத்தால்தான் பிள்ளை சிரிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். விளைவைக் காரணம் என்றார்கள்.

உங்கள் மகனுக்கு 12, 13 வயதில் ஒரே நேரத்தில் எத்தனை மாறியது என்று எண்ணிப் பாருங்கள். வீடு மாறியது, பள்ளி மாறியது, பாடமொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறியது. எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட சின்னப் பள்ளியிலிருந்து பெரிய பள்ளிக்குப் போனான். உடம்பு வயதுக்கு வந்தது. நீங்கள் வேலைக்குப் போனீர்கள். ஐந்தாறு ஒன்றாக மாறும்போது அதில் ஒன்றைப் பிடித்து இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். உங்கள் வேலை மட்டும் கண்ணில் படுவதற்குக் காரணம், அதைக் கைகாட்ட ஓர் ஆள் இருப்பதுதான்.

ஆனால் மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. மதிய ஷிப்ட் முடிந்து நீங்கள் வரும் 11.40 வரை அவன் தூங்குவதில்லை. இதைப் படித்த பிறகு காலண்டரை மறுபடி பார்த்தேன். மோசமான வாரங்கள் ஐந்து. அவை கிட்டத்தட்ட ஒன்றுவிட்டு ஒன்று வருகின்றன. உங்கள் ஷிப்டும் ஒன்றுவிட்டு ஒன்று.

தற்செயலான ஏற்ற இறக்கம் என்று மேலே சொன்னேன். அந்த ஏற்ற இறக்கத்துக்கே ஒரு தாளம் இருக்கலாம் என்று இப்போது சந்தேகப்படுகிறேன். பஸ் 6.15க்கு என்றால் அவன் 5.30க்கு எழ வேண்டும். நடு இரவுக்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அதோடு இந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கம் வரவைக்கும் மெலட்டோனின் சுரப்பு சின்னப் பிள்ளைகளைவிடத் தாமதமாகத் தொடங்குவதால், சீக்கிரம் படு என்றால்கூட உடனே தூங்க வராது. இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் புதன், வியாழனுக்கு எழ முடியாது, எழுந்தாலும் எரிச்சல் மூக்கு நுனியில் இருக்கும். ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் இவன் இரண்டு சொல்வான். உங்கள் சிவப்புக் குறிகள் பள்ளி வாரத்தின் பிற்பாதியில்தான் அதிகம், கவனித்தீர்களா?

அப்படியானால் மாமியார் சொன்னது சரியாகிவிட்டதா? இல்லை. காரணம் வேறு, குற்றம் வேறு. ஷிப்ட், காத்திருப்பு, தூக்கக் குறைவு, தாமதம், ஆசிரியரோடு வாய்ச்சண்டை, பள்ளிக் கடிதம், ரோத்தான் என்று இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணியில் வெட்டினாலும் சங்கிலி அறும். உங்கள் சம்பளம் இருக்கும் கண்ணியை ஏன் வெட்ட வேண்டும்? காத்திருப்பை வெட்டலாம். ரோத்தான் இருப்பதோ கடைசிக் கண்ணியில், அதற்கு முன்னால் இருப்பதை அது தொடுவதே இல்லை.

இது என் ஊகம்தான், சோதித்துப் பார்த்தால்தான் நிற்கும். அடுத்த ஆறு வாரம் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மதிய ஷிப்ட் வாரத்தில் அவன் 10 மணிக்கு ஹேண்ட்போனை வெளியே வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். டியூஷன், புதுக் கட்டுப்பாடு, கோயில் வேண்டுதல் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது பலித்தது என்று பிறகு தெரியாது. காலண்டரில் ஷிப்டையும் அவன் படுத்த நேரத்தையும் கூடவே குறியுங்கள். ரோத்தானை ஆறு வாரத்துக்கு அலமாரி மேல் வைக்க முடியுமா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள், நான் கேட்டதாகவே சொல்லுங்கள். மோசமான வாரங்கள் மேலும் மேலும் மோசமாகிக்கொண்டே போனால் நான் சொன்னது தவறு, எழுதுங்கள், ஒப்புக்கொண்டு வேறு வழி பார்க்கிறேன். மதிய ஷிப்ட் வாரமும் காலை ஷிப்ட் வாரமும் ஒன்றுபோல ஆகிவிட்டால் அவருக்கும் பதில் கிடைத்துவிடும்.

பாராட்டை நிறுத்தாதீர்கள். அது எதையும் கெடுக்கவில்லை.

சோதனை தொடங்கும் முன் அவனிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏன் காத்திருக்கிறான்? விளையாட ஒரு சாக்காக இருக்கலாம், நீங்கள் வந்து சேரும்வரை மனம் அடங்காமல் இருக்கலாம். நாம் ஊகிக்க வேண்டாம். அப்பா முன்னால் கேட்காதீர்கள், சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தும் கேட்காதீர்கள். காரிலோ மோட்டாரிலோ போகும்போது, முகம் பார்க்காமல் கேளுங்கள். உங்களுக்காகத்தான் என்றால், தொழிற்சாலை பஸ் ஏறியதும் ஒரு செய்தி அனுப்புகிறேன், காலையில் பார்த்துக்கொள் என்று சொல்லிப் பாருங்கள். மலாய்ப் பாடம் புரியவில்லை, யாரோ மிரட்டுகிறார்கள் என்று வேறு கதை வெளியே வந்தால், என் ஊகத்தை ஓரம் வைத்துவிட்டு அதைப் பிடியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, விளையாட்டு, நண்பர்கள் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, செத்துப்போகலாம் என்பது போலப் பேசினாலோ ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள், வெளிநோயாளிக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். அடி தோலைக் கிழிக்கும் அளவுக்கு, நீங்கள் குறுக்கே போய்த் தடுக்க வேண்டிய அளவுக்குப் போனால் 15999 உதவி எண்ணுக்கு அழையுங்கள். அது வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

ஆறு வாரத்துக்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. பழைய 11 வாரங்களுக்கும் உங்கள் ஷிப்டை நிரப்பி இன்னொரு படம் அனுப்புங்கள், சம்பளச் சீட்டில் இருக்கும். எட்டாவது, ஒன்பதாவது வாரங்கள் இரண்டும் அடுத்தடுத்து நல்ல வாரங்களாக இருக்கின்றன. அங்கே மட்டும்தான் தாளம் உடைகிறது. அப்போது உங்கள் ஷிப்ட் மாறியதா, பள்ளி விடுமுறையா, அல்லது இரண்டும் இல்லையா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.